மாமா விட்ட பெனால்டி

அப்பாவின் இடது கை மோதிரவிரல் நேராக நிற்காது. நடுமூட்டில் உள்ளங்கைப் பக்கமாகக் கொஞ்சம் மடங்கியே இருக்கும். பேப்பர் வாசிக்கும்போது மற்ற விரல்கள் எல்லாம் தாளைப் பிடித்திருக்க, அது மட்டும் தனக்கும் செய்திக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஒதுங்கி நிற்கும். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். கதிரை, கட்டில்கூட வீட்டுக்காரருடையவை. எங்களுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த விரல்தான் என்பது பத்து வயதில் என்னுடைய உறுதியான எண்ணம்.

அந்த விரலை முறித்தவர் என் மாமா. அம்மாவின் அண்ணன். யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் தெரிந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘இடதுகால்’ என்பார்கள். இலங்கை அணிக்கு ஆடியவர், வெளிநாட்டு மைதானங்களிலும் கோல் போட்டவர். அப்பா பக்கத்து ஊரின் கோல் காப்பாளர். அந்த ஊர் எல்லையைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது.

இரண்டு ஊருக்கும் நடந்த இறுதி ஆட்டமொன்றில், முடியப்போகிற நேரத்தில், மாமாவின் பக்கத்துக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் மாமா. ஊர்க் காப்பாளர்களுக்கு அப்போது கையுறை என்று ஒரு பொருள் இருப்பதே தெரியாது. இடதுகால் அடித்த பந்து அப்பாவின் விரலை முறித்தது, ஆனால் கையை விட்டுப் போகவில்லை. கிண்ணம் அப்பாவின் ஊருக்குப் போனது. விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தவரைப் பார்க்க மாமா தானே சைக்கிள் மிதித்து வந்தார். அந்தப் போக்குவரத்து வளர்ந்து, தங்கச்சியையே கட்டிக்கொடுப்பதில் முடிந்தது. ‘பெனால்டியும் போச்சு, தங்கச்சியும் போச்சு’ என்று ஊரில் பகிடி பண்ணுவார்களாம்.

அதற்குப் பிறகு மாமா எத்தனை கோல் போட்டும் அவருடைய சொந்த ஊர் அவரை மன்னிக்கவில்லை. இலங்கைக்கு ஆடியதெல்லாம் பின்னுக்குப் போய், ‘பெனால்டி விட்டவர்’ என்பதே பட்டமாகிவிட்டது. சண்டை ஓய்ந்திருந்த ஒரு விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, மதிலில் இருந்த பொடியன்கள் மாமாவின் சைக்கிளைக் கண்டதும் ‘பெனால்டி!’ என்று கத்தியதை என் காதால் கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அம்மா மட்டும் இந்தக் கதை வந்தால் புருஷன் பக்கமும் சாயாமல் அண்ணன் பக்கமும் சாயாமல், ‘அண்டைக்குச் சரியான வெயில்’ என்று முடித்துவிடுவார்.

எனக்கு அந்தப் பெனால்டி தேவைப்பட்டது. அப்பா கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். சோதனைச் சாவடியில் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை நீட்டுகிறவர். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிறவர். சிங்களத்தில் அவர் அதிகம் பாவித்த சொல் ‘ஹரி மாத்தயா’, சரி ஐயா. வகுப்பில் ஒருத்தியின் அப்பா டொக்டர், இன்னொருத்தியின் அப்பாவிடம் கார் இருந்தது. கீழ் வீட்டு முஸ்லிம் நானாவுக்குப் புறக்கோட்டையில் புடைவைக் கடை. பெருநாளுக்கு அவருடைய மகள் உடுத்தும் சட்டையைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். பொறாமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே வந்தது, வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. அதை அடக்க என்னிடம் இருந்த ஒரே மருந்து, இலங்கையின் இடதுகாலை என் அப்பா ஒரு விரலால் வென்றவர் என்பதுதான்.

மாமாவின் கண்ணில் புரை விழுந்தது. ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்கு வர வேண்டும் என்று ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பினார். கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது. மாமி நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார், மாமாவுக்கு ஒரே மகன். அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா, உங்களோடு இருந்து கொழும்பில் படிக்கட்டுமே என்று மாமா கேட்டிருந்தார்.

யன்னலோரக் கட்டில் என்னுடையது. மாமாவுக்கே அது போகும் என்பது நிச்சயம். மச்சானும் வந்தால் நான் குசினி வாசலில் படுக்க வேண்டியதுதான். அதைவிட, மச்சானும் இடதுகாலால்தான் அடிப்பார். ஊருக்குப் போயிருந்த அந்த விடுமுறையில் அவர் வளவில் பந்தை வைத்து, “கீப்பரின்ர மகளே, இதைப் பிடியும் பாப்பம்” என்று எனக்கு அடித்தார். நான் பிடித்துவிட்டேன். உடனே தலையில் கைவைத்து மண்ணில் விழுந்து உருண்டு, கோல் போச்சே என்று ஒப்பாரி வைத்தார். சேட்டு முழுக்கப் புழுதி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் வேண்டுமென்றே மெதுவாக அடித்தார் என்பது எனக்கு மட்டும் விளங்கியது, அதை நான் மறக்கவில்லை.

அப்பா வந்தவரிடம் பதில் சொல்லியனுப்பியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“இப்ப சரியான செக்கிங். இந்த வயசுப் பெடியனை வைச்சிருந்தால் அவனுக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல். அவரை முதல் வரச் சொல்லுங்கோ. பெடியனைப் பிறகு பாப்பம்.”

என் அப்பாவின் வாயிலிருந்து அவ்வளவு தெளிவான பேச்சு வந்து நான் கேட்டதில்லை. பெருமையாக இருந்தது.

மாமா தனியாக வந்தார். உயரமான மனுசன், ஆனால் கண் மங்கலாக இருந்ததால் படிகளைக் காலால் தடவித்தான் ஏறினார். வடக்கிலிருந்து வருகிற எல்லோரையும்போல அவரையும் அப்பா பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்தார். பதிவில் எழுதிய காரணம், கண் சிகிச்சை. எதிர்பார்த்தபடியே யன்னலோரக் கட்டில் போனது. பாரைமீனின் நடுத்துண்டு போனது. பின்னேரத்துக் கடற்காற்றும் போனது. அப்பா என்னோடு கடற்கரைக்கு நடந்து, ரயில் தண்டவாளத்தைக் கடக்கையில் கையைப் பிடித்துக்கொள்ளும் நேரம் அது. இப்போது அந்த வளைந்த விரலை மாமா பிடித்துக்கொண்டு நடந்தார், நான் பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனேன். ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்தது. மற்றக் கண்ணுக்கு இன்னும் சில மாதம் பொறுக்கச் சொன்னார்கள். எனக்கு அந்த டொக்டர் மீதும் ஆத்திரம் வந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீடு மாறியிருந்தது. மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்பா வேலைக்குப் போகவில்லை. குசினியில் அம்மா தலை குளித்து ஈரத்தோடு நின்று பருப்பு அவித்துக்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. மீன் எங்கே என்று கேட்டேன்.

“மாமா நிக்கிறார்தானே. கொஞ்ச நாளைக்கு மீன் இல்லை.”

நேற்றுவரை நடுத்துண்டைச் சாப்பிட்ட மனுசனுக்கு இன்று திடீரென்று மீன் ஆகாதா? வானொலிப் பெட்டியை அப்பா அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார். பாட்டும் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டதற்கு அம்மா, “மாமாவுக்கு உடம்பு ஏலாது. வெளியில ஒருத்தரோடையும் வீட்டுக் கதை கதைக்கக்கூடாது. பள்ளிக்கூடத்திலயும்தான். விளங்குதோ?” என்றார். அவருடைய கண் வீங்கியிருந்தது. அண்ணனின் கண்வருத்தம் தங்கச்சிக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பாமன்கடையிலிருந்து வந்தார்கள், இரத்மலானையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் ஊர் ஆட்கள். ஒன்றாக வர மாட்டார்கள். ஒருவர் வந்து கொஞ்ச நேரம் கழித்து மற்றவர் வருவார். செருப்புகளை வெளியே விடாமல் உள்ளே கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தார்கள். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பார்கள். அம்மா பிளேன் ரீ கொடுப்பார், பிஸ்கட் வைக்க மாட்டார். பிறகு யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்.

“அண்டைக்கு நீங்கள் மூலையில இருந்து அடிச்ச கோல், இப்பவும் கண்ணுக்க நிக்குது.”

“மழைக்குள்ள ஆடின ஆட்டத்தைச் சொல்லுங்கோ. எத்தினை கோல் அண்டைக்கு?”

இடதுகால் கொழும்பில் நிற்கிற செய்தி இப்போதுதான் பரவியிருக்கிறது, ரசிகர்கள் தேடி வருகிறார்கள் என்று நான் முடிவுகட்டினேன். வேறு எப்படி நினைப்பது? வாய் திறந்தால் பந்துதானே வருகிறது. ஊரில் அவரைக் கண்டால் மதிலில் இருந்து கத்திய அதே ஊர், வெள்ளவத்தைக்கு வந்து அவருக்கு முன்னால் கைகட்டி இருந்தது. திங்கட்கிழமை இரண்டாக இருந்த கோல் வியாழக்கிழமை நான்காகியது. சேற்றுக்குள் ஆறு பேரை வெட்டிக்கொண்டு போனவர், அடுத்த கதையில் முழு அணியையும் வெட்டிக்கொண்டு போனார். மாமா மறுப்பும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. முகம் மழிக்காமல், தாடி வெள்ளையும் கறுப்புமாக வளர, தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். புகழ் வந்ததும் ஆளுக்கு வந்த கெப்பரைப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ரசிகர்களிடம் எனக்குப் பிடிக்காத இன்னொன்றும் இருந்தது. மரியாதை தெரியாதவர்கள். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எழும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். ‘போட்டு வாறன்’ என்று ஒரு சொல் கிடையாது. நான் அப்படி ஒருவர் வீட்டிலிருந்து எழும்பி வந்தால் அம்மா தோலை உரித்துவிடுவார். கீழ் வீட்டு நானா ஒருவர்தான் ஒழுங்கான மனுசன். ஆள் நடமாட்டத்தைக் கண்டு அவரும் மேலே ஏறி வந்து, உதைபந்தாட்டக் கதை என்று தெரிந்ததும் குஷியாகி உட்கார்ந்து, போகும்போது, “அப்ப நான் பெய்த்துட்டு வாறன்” என்று எல்லோரையும் பார்த்துச் சொல்வார். சொன்னதும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள். அப்பா அவசரமாக எழுந்து அவரைப் படிவரைக்கும் கூட்டிக்கொண்டு போவார். மாமாவின் ரசிகர்களைவிட நானாவுக்கு அதிக மரியாதை கொடுக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பெனால்டியில் கை வைத்தார்கள்.

முதலில் ஒருவர், அன்று காற்று பலம், பந்தைத் திருப்பிவிட்டது என்றார். இரண்டு நாள் கழித்து வந்தவர், பந்தில் காற்றே இல்லை என்றார். இன்னொருவர் முதல் நாள் மாமாவுக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கதவடியில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கு ஆட்டுகிற அதே ஆட்டல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கத்தைவிட அதிகமானவர்கள் வந்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவரும் வந்தார். மைதானத்தில் பழகிய பெரிய குரல், அதை அடக்கிக் கதைக்க அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

“நான் அண்டைக்குக் கோட்டுக்குப் பக்கத்தில நிண்டனான்” என்றார். “அது பெனால்டியே இல்லை. றெபரி பிழையாக் குடுத்தது. இவர் என்ன செய்தார்? நியாயமில்லாத கோல் எனக்கு வேண்டாம் எண்டு போட்டுக் கீப்பரின்ர கையில கொண்டுபோய்க் குடுத்த மாதிரி அடிச்சார். வேணுமெண்டு விட்டவர் ஐயா, வேணுமெண்டு விட்டவர். இப்பிடி ஒரு மனுசனுக்கு...”

எல்லோரும் ‘ஓம், ஓம்’ என்றார்கள். அப்பாவும் ஓம் என்றார்.

“பொய்!” என்றேன்.

நான் கத்தியது எனக்கே பயமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

“வேணுமெண்டு விடேல்லை. அப்பாதான் பிடிச்சவர்! விரல் முறிஞ்சும் பந்தை விடேல்லை. இந்தா, பாருங்கோ!”

ரீக் கோப்பைத் தட்டைப் பிடித்திருந்த அப்பாவின் இடது கையை இழுத்து, அந்த விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். கோப்பையொன்று சரிந்து ரீ தரையில் கொட்டியது. யாரும் அதைத் துடைக்கக் குனியவில்லை.

மாமா தலையை நிமிர்த்தினார். அந்த நாட்களில் அவர் கதைத்து நான் கேட்டது அப்போதுதான்.

“பிள்ளை சொல்லுறது சரி. நான் ஏலுமான பலத்தோடதான் அடிச்சனான். அவர் பிடிச்சவர்.”

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பாத்தியளே! இந்த நிலமையிலயும் மனுசன் மற்றவனுக்கு விட்டுக்குடுக்கிறதை!”

அறை முழுக்க ‘ச்சொ, ச்சொ’ என்றது. உண்மையைச் சொன்னாலும் பெருமை மாமாவுக்கே போனால் ஒருத்தி என்னதான் செய்வது? ஒரே ஒரு வழி இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லுங்கோ அப்பா என்று கண்ணால் கெஞ்சினேன். அப்பா என் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்து, விரலைச் சாரத்து மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

“சின்னப்பிள்ளையின்ர கதை. இந்த விரல் கோட்டையில பஸ் கதவுக்க நெரிஞ்சது” என்றார். பிறகு மாமாவைப் பார்க்காமல், தரையில் கொட்டிய ரீயைப் பார்த்துச் சொன்னார்: “நான் ஒண்டையும் பிடிக்கேல்லை.”

என் சொத்தை என் கண் முன்னாலேயே அப்பா தூக்கி மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். கட்டிலைக் கொடுத்தேன், மீனைக் கொடுத்தேன், பின்னேரத்தைக் கொடுத்தேன். இது என்னால் முடியவில்லை. நிலத்தில் விழுந்து, கையாலும் காலாலும் அடித்து, குரல் கிழியக் கிழிய அழுதேன். செல்லம் கொஞ்சும் பிள்ளையின் அழுகை இல்லை. வயிற்றிலிருந்து வந்தது.

எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை, சத்தம் போடாதே என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, என் பக்கத்தில் நிலத்தில் இருந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு அவரும் அழுதார். நான் கூட்ட அவரும் கூட்டினார். வந்திருந்த பெண்கள் சேலைத்தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்கள், அதையும் மீறிச் சத்தம் வந்தது. அந்த அழுகைக்குள்ளும் எனக்கொரு திருப்தி, பார், அப்பாவுக்கு நடந்த அநியாயத்துக்கு எல்லோரும்தான் அழுகிறார்கள் என்று. தலையைத் தூக்கிப் பார்த்தால், மாமா எழுந்து வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாரத்துக்குள் இருந்த கையைத் தானே இழுத்து எடுத்து, அந்த வளைந்த விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்திருந்தார். விடவில்லை. அப்பாவின் தோள் குலுங்கியது. அது என்னுடைய விரல் என்று நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.

சத்தம் கேட்டு நானா மேலே ஏறி வந்தார். “என்னா, புள்ள ஏன் இப்படி அழுவுது?” என்றார். “மாமாவோட கோவம்” என்று யாரோ சொன்னார்கள். நானா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மாமாவின் தாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படியிறங்கிப் போனார். அவருக்கும் அந்த மரியாதைகெட்ட பழக்கம் தொற்றிவிட்டதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. வழக்கமாகப் புரியாணி வரும் அவர் வீட்டிலிருந்து அன்று பின்னேரம் பாலும் வாழைப்பழமும் வந்தன.

ஒரு மாதம் போனது. ஒருநாள் அம்மா விடிய எழும்பிப் பல மரக்கறி சமைத்து, வடையும் சுட்டு, வாழையிலையில் படைத்துவிட்டு, மொட்டைமாடியில் காகத்துக்கும் வைத்தார். மாமா முகம் மழித்திருந்தார். என்னுடைய பிறந்தநாளுக்கு ஒரு கேக்கும் ஒரு சோடாவும்தான் என்பதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். அடுத்த நாள் மீன் திரும்பி வந்தது. இரண்டாவது கண்ணும் முடிந்தபின் மாமா ஊருக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, “அப்ப நான் போட்டு வாறன்” என்றார். அம்மா அதைக் கேட்டு அழுதார். பிரபலமான அண்ணன் போகிறார் என்ற கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் போய் என் கட்டிலில் குறுக்கே விழுந்து படுத்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் ரொறன்ரோவில் இருந்தோம். மாமாவின் ஊர்ச்சங்கம் அவருடைய பெயரில் அங்கே ஒரு கிண்ணம் வைத்து ஆடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் ஒலிபெருக்கியில், நியாயமில்லாத கோலை வேண்டுமென்றே விட்ட பெருமகன் என்று சொல்வார்கள். மதிலில் இருந்து கத்தியவர்கள்தான் இப்போது சங்கத்தில் பொருளாளர், செயலாளர். அப்பா முன்வரிசையில் இருந்து கை தட்டுவார். எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அங்கேதான் என் சிநேகிதி ஒருத்தியின் தகப்பன் இறந்தார். வளர்ந்தபிறகு நான் போன முதல் செத்தவீடு அது. அம்மாவும் வந்திருந்தார். புறப்படும்போது நான் சிநேகிதியின் பக்கம் திரும்பி வாயெடுக்க, அம்மா என் கையை நுள்ளினார்.

“செத்தவீட்டில போட்டு வாறன் எண்டு சொல்லக்கூடாது. பேசாமல் வா.”

சப்பாத்தை மாட்டக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த செருப்புகள், பிஸ்கட் இல்லாத பிளேன் ரீ, தாடி, பருப்பு, காகம். காரில் ஏறியதும் கேட்டேன்.

“அப்ப, வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்கு வந்த ஆக்கள்?”

அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றி மூடினார்.

“மாமா இங்கால வந்த கையோட பெடியன் இயக்கத்துக்குப் போயிட்டான். பிறகு செய்திதான் வந்தது. இயக்கத்துக்குப் போனவன்ர செத்தவீட்டை வெள்ளவத்தையில செய்யேலுமோ? ஆர் செத்தது எண்டு பொலிஸ் கேட்டால் என்ன சொல்லுறது? வந்த சனம் அவன்ர பேரைச் சொல்லேலாமல் பந்துக் கதை கதைச்சுது.”

“அப்பா ஏன் பொய் சொன்னவர்?”

“பெடியனைப் பிறகு பாப்பம் எண்டு சொல்லியனுப்பின மனுசன், அந்தத் தகப்பனுக்கு முன்னால நிண்டு, ஓம், நான் உங்களை வெண்டனான் எண்டு சொல்லுவாரோ?”

புழுதியில் உருண்டு, கோல் போச்சே என்று எனக்காக ஒப்பாரி வைத்த மச்சானின் சேட்டு கண்ணுக்குள் வந்தது.

“நீ அண்டைக்குக் கத்தி அழுதாய் பார்” என்றார் அம்மா. “அது ஒண்டுதான் அவன்ர செத்தவீட்டில ஆரும் சத்தமா அழுதது. உன்னைச் சாட்டி நாங்களும் அழுதனாங்கள்.”

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் யாருக்காக அழ வேண்டும் என்பது தெரிந்திருந்தது. சத்தமாக அழ முடிந்தவள் நான் ஒருத்திதான், நான் அழுதது ஒரு பெனால்டிக்கு.